கமராவைத் திறக்காத மாணவி

கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் இரண்டாவது தடவை மூடிக்கிடந்த காலம். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்துப் பின்னேரங்களில் சூமில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கினேன். காசில்லாத வகுப்பென்றால் அலட்சியம் வந்துவிடும் என்று ஒரு சட்டமும் போட்டேன்: தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன்.

முதல் இரண்டு நாளும் வராமல் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள் ஒரு மாணவி. கமராவைத் திறந்ததே இல்லை. வாய் திறந்ததும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் எழுத்தில் வரும். மற்றப் பிள்ளைகளுக்கு நான் "அக்கா". அவள் மட்டும் "விளங்குது ரீச்சர்" என்று எழுதுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். வீட்டுப்பாடத்தை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் செய்து, படம் பிடித்து, எல்லோரையும் முந்தி அனுப்பிவிடுவாள். மடக்கைக் கணக்கில் ஒரு படியும் தவறாது. அவளுடைய தாளையே மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டினேன்.

ஒருநாள் அவளுடைய மைக் தவறித் திறந்துவிட்டது. தேங்காய் திருவும் சத்தம். வகுப்பே சிரித்தது.

"அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்" என்றேன்.

"சரி ரீச்சர்" என்று எழுத்து வந்தது. சத்தம் உடனே நின்றது.

பள்ளிக்கூடங்கள் திறந்ததும் சூமை மூடிவிட்டு, சனிக்கிழமைகளில் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வகுப்பை வைத்தேன். முதல் நாளே அந்த மாணவியை ஆசையோடு கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். மிகச் சின்னக் கணக்கு. அவளால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் ஆர் செய்து தந்தது?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். பின் வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். அவள் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. கணிதத்தில் சித்தி இல்லையென்றால் உயர்தரத்துக்கே போக முடியாது.

அன்று வகுப்பு முடிய, வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றார். அவளுடைய அம்மா.

"பிள்ளை, அவள் ஒருத்தரையும் பாத்து எழுதேல்லை. அந்தக் கணக்கெல்லாம் நான் செய்தது."

பிள்ளைகளுக்குக் கேட்காதபடி அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனேன்.

"மூண்டாம் நாளும் தலையிடி எண்டு படுத்திட்டாள். நீங்கள் பேரை வெட்டிப்போடுவியள் எண்டு நான் போனோடை இருந்தனான். பிறகு விட மனம் வரேல்லை."

"அப்ப அண்டைக்குத் தேங்காய் திருவினது?"

"அதுவும் நான்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் மெல்லச் சொன்னார். சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த வருடம் அவர் பதினோராம் வகுப்பு. பரீட்சை எழுதவில்லை. திரும்பி வந்தபோது படிப்பைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

"மகளிலை பிழை இல்லை எண்டு சொல்ல வரேல்லை. அவளுக்கும் அது வசதியாப் போச்சு, எனக்கும்தான். ஆனா அத்தினை பேருக்கு முன்னாலை கேட்டிட்டியள். இனிப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"நான் வந்து கதைக்கிறன் அன்ரி. நீங்களும் வாங்கோ, பின்னாலை இருங்கோ."

"உந்தப் பிள்ளையளோடையோ? ஊர் சிரிக்கும். போனிலை எண்டா ஆர் இருக்கினம் எண்டு தெரியாது." சைக்கிளைத் திருப்பினார். "பள்ளிக்கூடம் திறந்தது எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத்தான் வகுப்பு மூடிப்போச்சு."

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவீங்களோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன்.

சனிக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, விசாரிக்காமல் கேட்டது என் பிழை என்றேன். அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவளே எழுந்தாள்.

"கணக்கெல்லாம் அம்மா செய்தவ. சொல்லச் சொல்லி அவதான் சொன்னவ."

பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "அப்ப அன்ரியைச் சோதனைக்கு அனுப்பிப்போட்டு நீ தேங்காய் திருவு." எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

நான் போனை எடுத்து, புத்தகங்களில் சாய்த்து, கரும்பலகை தெரியும்படி வைத்துச் சூமைத் திறந்து, அன்ரிக்கு இணைப்பை அனுப்பினேன். ஒருவர் வந்து சேர்ந்தார். கமரா இல்லை. "விளங்குதோ அன்ரி?" என்று கேட்டேன்.

"விளங்குது ரீச்சர்."

மகள் அந்த முறை கணிதத்தில் மட்டுமட்டாகச் சித்தியடைந்தாள். அடுத்த முறை அம்மா தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினார். முடிவு வந்த அன்று மகள்தான் அழைத்தாள்: "அக்கா, அம்மா என்னை முந்திப்போட்டா."

இப்போது நானும் பல்கலைக்கழகத்தில் சில பாடங்களைச் சூமில்தான் படிக்கிறேன், நேரம் கிடைத்தால் படிப்பிக்கவும் செய்கிறேன். அங்கே கறுப்பாகக் கிடக்கும் ஒரு கட்டத்தைக் கண்டால் முகத்தைக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டால்தான் சிலருக்கு வகுப்புக்குள் வர முடிகிறது.