தர்ம வார்டில் மாமியார்

இரண்டு மணல் பைகள். தலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவே இரண்டு கண்ணிலும் கட்டோடு என் மாமியார் மல்லாந்து கிடந்த கிடப்பு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. போன மாதம் எனக்கும் கண்ணில் புரை எடுத்தார்கள். காலையில் போனேன், மத்தியானம் வீட்டில் சோறு தின்றேன். எனக்கும் காசு வாங்கவில்லை, அன்று அவருக்கும் வாங்கவில்லை. ஆனால் அவர் பட்ட பாட்டையும் நான் பட்ட பாட்டையும் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த காலம். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் கல்யாணமாகி வரும்போதே மாமியாருக்கு ஒரு கண், யாரோ ஒரு நாட்டு வைத்தியர் ஊற்றிய பச்சிலைச் சாற்றில் போய்விட்டிருந்தது. மற்றதில் புகை மாதிரி ஏதோ தெரியும், அவ்வளவுதான். என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை, குரலைத்தான் தெரியும். என் குரலோ, முற்றத்தில் பேசினால் வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சோற்றில் கல் என்பார், இல்லை என்பேன். நாங்கள் கீரியும் பாம்புமாகத்தான் இருந்தோம்.

புதுக்கடை என்ற ஊரில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் ஒரு நாள் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்குச் சும்மாவே கண் ஆபரேஷன் செய்கிறார்களாம். கட்டில், மருந்து, கஞ்சி எல்லாமே தர்மமாம். “எரப்பாளிய படுக்கிய கட்டில்ல என்னியப் படுக்கச் சொல்லுதியாலே?” என்று, தன்னைப் பிச்சைக்காரி ஆக்கிவிட்டதாக மகன்மேல் பாய்ந்தார் மாமியார். சும்மா கொடுக்கிறவன் பதிலுக்கு என்னத்தையாவது பறிக்காமல் விடமாட்டான் என்பது அவர் கட்சி. மகன் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் எனக்கு எரிச்சல் வந்து, “விடுங்க, மாமிக்குக் கண்ணு தெரியாம இருக்கியதுதான் எனக்கும் சௌரியம்” என்றேன். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து, சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குத் தயாராக நின்றார். “இவ என் வீட்ட என்ன கோலத்துல வச்சிருக்காண்ணு நான் கண்ணால பாக்கண்டாமா?” என்றார்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். தலை அசையக் கூடாது, இருமக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, மீறினால் இருக்கிற ஒரு கண்ணும் போய்விடும் என்றார். வெற்றிலை இல்லாமல் ஒரு நாழிகை இருக்காத மனுஷியிடம் போய் மெல்லாதே என்றால் எப்படி? இரண்டு நாள் சாதுவாகக் கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் கஞ்சித்தண்ணி வாங்கிக்கொண்டு வரும்போது தாடை மெல்ல அசைகிறது. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கேட்டு வாங்கி வாயில் அடக்கியிருக்கிறார். தலையை ஒரு கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் விரலை விட்டு அத்தனையையும் வழித்து எடுத்தேன். கத்தவும் முடியாமல், பல்லைக் கடித்தபடி, “வீட்டுக்கு வாட்டி, உன்னப் பாத்துக்கிடுதேன்” என்றார். “பாக்கியதுக்குத்தான மாமி இங்க வந்து கெடக்கோம்” என்றேன்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கட்டு அவிழ்க்கும் நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் போனால் ஊர் என்னைத்தான் சொல்லும், அது தெரிந்ததுதான். ஆனால் என் பயம் அது இல்லை. என்னோடு சரிக்குச் சரி நின்று பேசும் அந்த மனுஷி மிச்ச நாளெல்லாம் இருட்டில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் கனத்த கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, விரல்களைக் காட்டினார். “மூணு” என்றார் மாமியார். சரிதான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டர் என்னைக் காட்டி, “இது யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியல்ல. நர்ஸம்மையா?”

“நான்தான் மாமி” என்றேன்.

குரல் வந்த திசையில் தேடினார். அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. மறுபடியும் என்னையே பார்த்தார். இத்தனை வருஷமும் மனதில் எத்தனை பெரிய உருவத்தை வைத்திருந்தாரோ, தெரியாது. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய இரண்டு விரலுக்குள் அது அடங்கிவிட்டது.

“இந்தச் சின்னப் பிள்ளகிட்டயா நான் இத்தன நாளும் மல்லுக்கு நின்னேன்?” என்றார்.