முனவ்வராவின் புகையிரத நிலையம்

மாத்தளையில் முனவ்வராவைத் தெரியாதவர்கள் குறைவு. மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டோடு நின்று, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பது, எதைப் பின் எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை பகலானால் அவளுடைய வீட்டு மேல்மாடியில் உலகமே அழிந்து கிடக்கும் என்பதுதான் ஊருக்குத் தெரியாது.

சுவீடனில் வேலை பார்க்கும் அவளுடைய மூத்த சகோதரன் அகீல் நானா, ஆறு வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது கொடுத்த விளையாட்டுப் பெட்டி அது. உள்ளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், சீட்டுகள், ஒரு கைப்பிடி பகடைகள். போரும் கொள்ளைநோயும் தின்று தீர்த்த பூமியில், உடம்பு திரிந்துபோன ஒரு கூட்டம் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். பகடையில் ஆறு விழுந்தால் காரியம் கைகூடும்.

"அங்க பனி கொட்டினா வெளிய போக ஏலா. ராப்பகலா இதத்தான் விளையாடுவாங்க" என்றார் அகீல்.

முனவ்வரா ஒரு வருடம் உட்கார்ந்து விதிகளை ஏழு கொப்பிகளில் தமிழில் எழுதினாள். புத்தகத்தில் இருந்த பனிக்காட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மாத்தளையைக் கொண்டுவந்து வைத்தாள். தண்டவாளம் முடிகிற மாத்தளை ஸ்டேஷன்தான் பிழைத்தவர்களின் புகலிடம். பக்கத்து ஊரான பல்லேபொல முழுக்க ஆளை இறுக்கிக் கொல்லும் மிளகுக்கொடி. கலேவெலவைத் தாண்டியவர் எவரும் திரும்பியதில்லை. ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கணவன் ஸஜ்ஜாதும், காணிப் பதிவு எழுதுநர் பவித்ரனும் அவள் சொல்லச் சொல்ல விளையாடினார்கள். நில அளவையாளராக வேலைக்கு வந்த லோஜனா மூன்று வருடங்களுக்கு முன் சேர்ந்தாள்.

போன வருடம் முனவ்வராவுக்கு டெங்கு வந்தது. ஆட்டம் நின்றுவிடக் கூடாதென்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, நடத்தச் சொல்லிக் கொப்பிகளை லோஜனாவுக்குக் கொடுத்தனுப்பினாள். இரண்டு ஞாயிறுகள்தான். வீடு திரும்பியதும் ஸஜ்ஜாத் கண்கள் விரியச் சொன்னார்:

"லோஜனா ஸ்டேஷன் மாஸ்டர் ரூமத் திறந்தா பாருங்க! உள்ள ஒரு கிழவி. வராத ரயிலுக்கு இன்னும் டிக்கட் கிழிச்சிக்கிட்டு இருக்கா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிப் போச்சு."

முனவ்வராவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. அந்த அறையை நாலு வருடமாகப் பூட்டி வைத்திருந்தவள் அவள்தான். உள்ளே என்ன வைப்பதென்று தோன்றாமல் பூட்டியது அது.

அடுத்த ஞாயிறு அவளே நடத்தினாள். "அந்த டிக்கட்காரக் கிழவி எங்க அக்கா?" என்று ஆவலாகக் கேட்டான் பவித்ரன்.

"செத்துட்டா."

பிறகு வந்த வாரங்களில் என்ன சொன்னாலும் அவர்கள் லோஜனாவின் முகத்தைப் பார்ப்பதுபோலவே முனவ்வராவுக்குப் பட்டது. மருந்துக்கடையில் நிற்கும்போதும் அந்தக் கிழவி டிக்கட் கிழிக்கும் சத்தம் காதில் கேட்டது. தனக்கு ஏன் அது தோன்றவில்லை?

ஒரு ஞாயிறு, லோஜனாவின் பாத்திரமான வேட்டைக்காரியைக் காட்டுநாய்கள் சூழ்ந்தன. நடத்துபவர் பகடையை மறைத்து உருட்டும் அட்டைக்குப் பின்னால் முனவ்வரா நாய்களுக்காக உருட்டினாள். ஓர் ஆறுகூட விழவில்லை.

"மூணு ஆறு" என்றாள். "தொண்டையக் கவ்விருச்சு. முடிஞ்சுது."

லோஜனா தன் பாத்திரச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "என்னய ஸ்டேஷன் பெல்லுக்குக் கீழ புதைங்க. பெல்ல மட்டும் அடிக்காதீங்க, நாய் வரும்" என்றாள். பவித்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செத்த பிறகும் மேசை அவளுடையதாகவே இருந்தது.

எல்லோரும் போனதும் ஸஜ்ஜாத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "முனவ்வரா, நான் லோஜனாவ ரொம்பப் புகழ்ந்துட்டேன் போல. உங்களுக்கு மனசு கஷ்டம்னா நான் விளையாடாம இருந்துர்றேன்."

"அட! உங்களுக்காக யாரு பொறாமப்படுறா? என்ட கதை கைய விட்டுப் போகுது, அதுதான் எரியுது!"

ஸஜ்ஜாத் சிரித்துவிட்டார். தான் வாய்விட்டுச் சொன்னது அவளையே திடுக்கிட வைத்தது.

புதன்கிழமை பகல் இடைவேளையில், லோஜனா நிலம் அளந்துகொண்டிருந்த அலுவிகாரைக்கு பஸ் ஏறினாள். வீதியோரம் முக்காலியில் நிறுத்திய அளவைக் கருவிக்குப் பின்னால் குனிந்து நின்றாள் லோஜனா.

"நாய்க்கு ஆறு விழல்ல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் அக்கா. உங்களுக்குப் பின்னால இருக்குற அலுமாரிக் கண்ணாடியில டைஸ் தெரிஞ்சிச்சு."

"அப்ப ஏன் வாயத் திறக்கல்ல?"

"திறந்திருந்தா நீங்க பெட்டிய மூடியிருப்பீங்க. ஊர்ல வேற பெட்டி இல்லையே." லோஜனா இப்போதுதான் நிமிர்ந்தாள். "கோவம் இல்லன்னு நினைக்காதீங்க. ரெண்டு வருஷம் நான் வளத்த வேட்டைக்காரி அவ."

முனவ்வரா மன்னிப்புக் கேட்டாள். அது அவ்வளவு சிரமமாக இல்லை. அடுத்ததைச் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை: "வர்ற மாசம் நீங்க நடத்துங்க. நான் விளையாடுறேன்."

விளையாடுபவளாக முனவ்வரா மோசம். முதல் ஞாயிறே மூன்று தரம் லோஜனாவின் விதியைத் திருத்தினாள். "அக்கா, இப்ப நடத்துறது நான்" என்றாள் லோஜனா. ஸஜ்ஜாதும் பவித்ரனும் வாய் பிளந்து கேட்டிருந்த ஒவ்வொரு இடத்திலும் முனவ்வராவுக்குள் பழைய எரிச்சல் மூண்டது. ஆனாலும் பல்லேபொலக் கொடிகளுக்குள் ஒரு வீட்டின் விளக்கு தெரிந்தபோது, உள்ளே இருப்பது யாரென்று அவளுக்கே தெரியவில்லை. அந்த உலகத்தில் ஒன்று தெரியாமல் இருப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

இப்போது மாதத்துக்கு ஒருத்தியாக இருவரும் மாறி மாறி நடத்துகிறார்கள். முனவ்வராவின் பொறாமை தீர்ந்துவிடவில்லை. லோஜனாவின் முறை முடிந்த திங்கட்கிழமைகளில் அவள் எட்டாவது கொப்பியை மருந்துக்கடைக்கே எடுத்துப்போய், ஆள் வராத நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள். போன மாதம் எழுதியதைக் கேட்டுவிட்டு லோஜனா உடனேயே படியிறங்கிப் போனாள். அந்த முகத்தில் இருந்தது என்னவென்று முனவ்வராவுக்கு நன்றாகத் தெரிந்தது; போன வருடம் முழுக்க அது அவளுடைய முகத்தில்தான் இருந்தது. அன்று இரவு அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.