மிஞ்சிய ஜாயிண்ட்

அப்பாவின் ஜீப்பை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்து வீட்டின் பின்பக்கம் விட்டுவிட்டுப் போனார்கள். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு அம்மா அதன் முன்னால் போய் நின்றாள்.

“இதை இன்னொரு தடவை யாரும் பிணம் மாதிரி இழுக்கக் கூடாது. விக்கிறதோ உடைக்கிறதோ அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஓட வை. நீ படிச்சது இதுக்குத்தானேடி?”

நான் கியர் பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். உடைந்து திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து, எது முதலில் உடைந்தது, எதனால் உடைந்தது என்று சொல்வது வேலை. விடுப்பை நீட்டிக்கொண்டேன்.

“சித்தப்பாகிட்ட கை உதவிக்கு…”

“அவன் பேச்சை எடுத்தே, நீயும் கிளம்பு.”

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவரைத் தவிர வேறு மெக்கானிக் கை அந்த ஜீப்பில் பட்டதில்லை. இறப்பதற்கு முதல் நாள் மாலை அப்பா அம்மாவிடம், “தம்பி கடையில ஜாயிண்ட் ரெண்டையும் மாத்தியாச்சு. இனிமே கடகடன்னு சத்தம் வராது” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் இறக்கத்தில் அந்த ஜாயிண்ட்தான் கழன்றது. அடக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அம்மா சித்தப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “கூடப் பொறந்தவனைக் கொன்னுட்டியேடா.” அவர் மறுக்கவில்லை. பிடியை விலக்கவும் இல்லை. அவளாக விட்ட பிறகு தலைகுனிந்து வெளியே போனார். அன்று இறக்கிய ஷட்டர் இன்னும் ஏறவில்லை. அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவை ஊரில் ‘லோ கியர்’ என்பார்கள். பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. மீசை முளைக்கும் முன்பே லாரி கழுவ வந்தவர். பிறகு லாரி ஓட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு ஏதோ ஒரு இலாகா கழித்துப்போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். மலையில் பஸ் பாதி தூரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஒரு சிறு குடியிருப்பு, ஒரு கல்குவாரி, உச்சியில் டவர். பஸ் நின்ற இடத்திலிருந்து மீதியெல்லாம் அப்பாவின் பாடு. குவாரி ஆட்கள், சிமெண்ட் மூட்டை, பள்ளிக்கூட டீச்சர், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறும். நோயாளிகள் இறங்குவார்கள். சில சமயம் சவமும் இறங்கும். “இவரு ஒருத்தர்தான் குலுங்குதுன்னு என்னைத் திட்டாம வந்தவரு” என்று ஒருமுறை வீட்டில் வந்து சொல்லி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இறக்கம் என்றால் லோ கியர்தான். காலி வண்டியானாலும் அப்படித்தான். சைக்கிளில் போகும் பையன்கள் அவரை முந்திக்கொண்டு கையாட்டுவார்கள். பின்னாலிருந்து யாராவது முணுமுணுத்தால், “அவசரமா? இறங்கி ஓடுங்க. நான் பின்னாடியே மூட்டையை எடுத்துட்டு வரேன்” என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளின் மேலும் ஒரு கீறல் விழ விட்டதில்லை. கடைசி நாளும் வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார்.

நடந்ததை ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தால் படிக்க முடிந்தது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். அதிலிருந்து பின் சக்கரங்களுக்கு ஒரு நீண்ட ஷாஃப்ட் போகும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மடங்கிக் கொடுக்க முனைக்கு ஒரு ஜாயிண்ட். பெட்டியை ஒட்டியிருந்த ஜாயிண்ட் கழன்று, ஷாஃப்டின் அந்த முனை கீழே விழுந்திருக்கிறது. சுற்றிக்கொண்டே விழுந்த குழாய் பெட்டியை அடித்துப் பிளந்து, பிரேக் பைப்பை அறுத்துவிட்டது. பெட்டி பிளந்ததும் கியர் பிடிப்பு போயிற்று. பைப் அறுந்ததும் கால் பிரேக் போயிற்று. இந்தப் பழைய மாடலில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டே இல்லை. அப்பா பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் ஒடித்திருக்கிறார். ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஜீப்புக்கு முன்பக்கத் தகரம் நசுங்கியது, அவ்வளவுதான்.

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் அதே மாடலின் டிரான்ஸ்பர் கேஸ் ஒன்று கிடைத்தது. சீல்களும் பேரிங்குகளும் புதிதாக வாங்கினேன். பிளந்த பெட்டியைக் கழற்ற ஒரு பகல் முழுவதும் போயிற்று. மிச்சமிருந்த ஆயிலை வடித்தபோது வெள்ளிப் பொடி மாதிரி இரும்புத் துகள் வந்தது. அடிபடுவதற்கு முன்பே பெட்டி தேய்ந்துதான் இருந்தது. கடைசி போல்ட்டை எடுத்ததும் அதன் கனம் முழுவதும் ஜாக்கியில் உட்கார்ந்தது. நெஞ்சுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டு நின்ற அதை அங்குலம் அங்குலமாக இறக்கினேன்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பகல் முழுவதும் வெளுத்த துணிகளோடு இருப்பவள். அவள் புடவையில் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாடை இருக்கும்.

“எது முதல்ல போச்சுன்னு கண்டுபிடிச்சியா?”

“ஜாயிண்ட்தான்மா.”

“எனக்கே தெரியுமே அது. அவன் என்ன தப்புப் பண்ணினான்னு சொல்லு. ஸ்டேஷன்ல கேட்டா நான் சரியாச் சொல்லணும். பொம்பளை அழுதுக்கிட்டு உளறுறாள்னு எவனும் சொல்லக் கூடாது.”

கழன்ற ஜாயிண்டில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பாதி மலையிலேயே சிதறிவிட்டது. ஷாஃப்டின் மறுமுனையில் இருந்த ஜாயிண்ட் முழுதாக இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தார்கள். ஒரே நிறத்து கிரீஸ். அதைத் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஜாயிண்டுக்கு கிரீஸ் அடிக்க ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். எந்தப் பக்கம் பார்த்தும் அதை வைக்கலாம். சித்தப்பாவின் கடையில் பள்ளம் உண்டு. அதில் நின்றுகொண்டு எஞ்சின் பக்கத்திலிருந்து கிரீஸ் அடிப்பார். அவர் மாட்டிய ஜாயிண்டில் நிப்பிள் எப்போதும் முன்னால்தான் பார்க்கும். அப்பா ஜாயிண்ட் மாட்டுகிறவர் இல்லை. ஆனால் மாதாமாதம் பின் சக்கரத்துப் பக்கம் தலை வைத்துத் தரையில் படுத்து கிரீஸ் அடிப்பார். “தம்பி பள்ளத்துல நின்னு சொகுசா அடிக்கிறான், எனக்குத்தான் கழுத்து சுளுக்குது” என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவார். இந்த நிப்பிள் பின்னால் பார்த்திருந்தது.

ஜாயிண்டைத் திறந்தேன். நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இரும்பு. அதை கிராஸ் என்பார்கள். அதன் நான்கு கைகளிலும் நான்கு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி போன்ற உருளைகள் வேலிக் கம்பு மாதிரி சுற்றி நிற்கும். கிரீஸின் பசைதான் அவற்றை நிறுத்தி வைக்கிறது. மாட்டும்போது கொஞ்சம் சாய்ந்தால் ஓர் ஊசி சரிந்து அடியில் படுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஓர் இடத்தில் நெருடும். படுத்த ஊசியோடு கப் முழுதாக இறங்காது. அதைப் பிடித்துவைக்கும் லாக் வளையமும் தன் காடியில் உட்காராது. அப்போது எல்லாவற்றையும் கழற்றி ஊசிகளைத் திரும்ப அடுக்க வேண்டும்.

மூன்றாவது கப்பின் அடியில் ஓர் ஊசி படுத்திருந்தது. நசுங்கித் தட்டையாகியிருந்தது. அந்தப் பக்கத்து லாக்கை அரத்தால் ராவி மெல்லிசாக்கி உள்ளே திணித்திருந்தார்கள். கப்பின் தலையில் சுத்தியல் தடம். சித்தப்பா கப்பை வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்துவாரே தவிர அடிக்க மாட்டார்.

அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தேன். பள்ளத்தின் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்கவில்லை.

“வாங்க இன்ஜினியரம்மா. கடை லீவு. முதலாளி கொலைக் கேஸ்ல பிஸி.”

துணியைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். லாக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ராவியிருக்காரு” என்றார். பிறகுதான் வாயிலிருந்து விழுந்தது அவருக்கே உறைத்தது.

“நீங்க போடலை.”

“யார் சொன்னா?”

“நிப்பிள் பின்னாடி பார்க்குது சித்தப்பா.”

லாக்கைத் துணியில் திரும்ப வைத்தார். பள்ளத்தைப் பார்த்தபடி பேசினார்.

“சுகர் அவரு விரலைத் தின்னுடுச்சு பாப்பா. ஒரு நாள் இங்க நின்னு பேசிட்டே சைலென்சர் மேல கை வெச்சுட்டாரு. தோல் பொசுங்குற நாத்தம் எனக்கு வருது. அவருக்கு ஒண்ணும் தெரியலை. நான் கையைத் தட்டி விட்டேன், ‘ஏண்டா அடிக்கிறே’ன்னு கேக்குறாரு.”

“அம்மாவுக்கு?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம். போன மாசம் வண்டியைப் பார்த்தேன். பெட்டி ஊளையிடுது, ஜாயிண்ட் ரெண்டும் ஆடுது. ரெண்டையும் மாத்தித் தரேன்ணே, ஆனா இனிமே நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காருன்னேன். ‘நீ டாப் கியர்ல பொறந்தவன், உன் பக்கத்துல உக்காருறதுக்கு நடந்தே ஏறிடுவேன்’னாரு. சிரிச்சோம். அப்புறம் நான் சிரிக்கலை. நீ ஓட்டுறதா இருந்தா நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். வாங்கி வெச்சிருந்த கிராஸ் டப்பா ரெண்டையும் அக்குள்ல இடுக்கிட்டுப் போயிட்டாரு. வேற எவன்கிட்டயும் போக மாட்டாரு, நாலு நாள்ல திரும்பி வந்து சரின்னுடுவாருன்னு நினைச்சேன்.”

அப்பா திரும்பிப் போகவில்லை. அம்மா வேலைக்குப் போன பகலில், வீட்டின் பின்பக்கம், உணர்ச்சியில்லாத விரல்களால் ஊசிகளை அடுக்கியிருக்கிறார்.

“அண்ணிகிட்ட சொல்லிடாத” என்றார் சித்தப்பா. “என்னைத் திட்டிட்டு இருந்தாலாவது தெம்பா இருப்பாங்க. தன் கையாலேயே போனாருன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவாங்க.”

“ஸ்டேஷனுக்குப் போகப்போறாங்க.”

“போகட்டும்.”

வீட்டுக்கு வந்தேன். அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கப்பையும் ஊசியையும் அவள் முன்னால் வைத்தேன். எங்கள் பிரிவில் சொல்வது போலவே சொன்னேன். என்ன உடைந்தது, எதனால், யார் மாட்டியது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விரல்களைப் பற்றியும் சொன்னேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்தது அப்பாவின் சட்டை.

“ஒரு வருஷமா காலையில பட்டன் போட்டு விடச் சொல்லுவாரு” என்றாள். “வயசான காலத்துல மாப்பிள்ளை முறுக்கான்னு கேலி பண்ணுவேன். ‘நீ போட்டாதான் நேரா நிக்குது’ம்பாரு. நான்…” நிறுத்திக்கொண்டாள். “நான் சந்தோஷமா போட்டு விட்டேன்டி.”

சட்டையை மடித்து முடிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

“அவனை வரச் சொல்லு. பின்பக்கமா.”

சித்தப்பா வந்து ஜீப்பின் மறுபுறம் நின்றார். நடுவில் தரையில் பிளந்த பெட்டி கிடந்தது.

“நான் உன் சட்டையைப் பிடிச்சப்போ ஏன்டா வாயைத் திறக்கலை?”

“அண்ணன் சொல்லக் கூடாதுன்னாரு அண்ணி.”

“செத்தவரு சொன்னதுக்காகவா?”

“நானும் சும்மா விட்டுட்டேனே அண்ணி. அவரு டப்பாவை எடுத்துட்டுப் போறதைப் பார்த்துட்டே நின்னேன்.”

“அதைத்தான் கேக்குறேன். விரல் செத்துப்போச்சுன்னு உனக்குத் தெரியும். டப்பாவைத் தூக்கிட்டுப் போறாருன்னு தெரியும். எனக்கு ஒரு வார்த்தை. சாவியைப் புடவையில முடிஞ்சுட்டு வேலைக்குப் போயிருப்பேன்டா நான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னை மட்டும் வெளியில நிறுத்திட்டீங்க.”

சித்தப்பா அழுதார். அம்மா அழவில்லை.

“நீ கொல்லலை. அது என் வாயால வந்த பொய். அதை நானே போய்த் திரும்ப எடுத்துக்கறேன். ஆனா என் வாசப்படி ஏறாத.”

அவர் தலையாட்டினார். போவதற்கு முன், வழக்கம் விடாமல், நான் மாட்ட வைத்திருந்த மாற்றுப் பெட்டியின் சீல்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து ஆரம்பித்தாள். டீக்கடை, சைக்கிள் கடை, பஸ் நிற்கும் இடம், அன்று அடக்கத்துக்கு வந்த ஒவ்வொரு வீடு. நானும் கூடப் போனேன். எல்லா இடத்திலும் சொன்னது ஒன்றுதான். “அந்த ஜாயிண்டை என் கொழுந்தன் போடலை. என் வீட்டுக்காரர்தான் போட்டாரு. தப்பாப் போட்டுட்டாரு. நான்தான் தெரியாம கத்திட்டேன்.”

டீக்கடைக்காரர் சங்கடத்தோடு கிளாஸைத் துடைத்தார். “போன மனுசன் பேருல எதுக்கும்மா இப்போ…”

“போனவருக்கு இனிமே ஒண்ணும் ஆகாது” என்றாள் அம்மா. “இருக்கிறவன் கடைதான் மூடிக் கிடக்குது.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.