இரும்புத் தாதுத் தூளோடு அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் ஒரு நடை

சரக்குக் கப்பலில் சேரப்போகும் இளைஞர்கள் சிலர், கனிமச் சரக்கு ஏற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறார்கள். பதிலாக ஒரு பயணத்தைச் சொல்கிறேன். கடல் பயணம் அல்ல. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை பஸ்ஸில் போய் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், நல்ல மழை.

நான் அப்போது செகண்ட் ஆபீசர். எங்கள் கப்பல் இரும்புத் தாதுத் தூள் ஏற்ற வந்திருந்தது. தாதுதானே, அதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். தூளில் ஈரம் அளவை மீறினால், குவியல் பார்வைக்குக் காய்ந்த மண் போலவே இருக்கும். கடலில் எஞ்சின் அதிர்விலும் அலை ஆட்டத்திலும் அது சேறாகி ஒரு பக்கம் ஓடிவிடும். கப்பல் சாய்ந்தால் பிறகு நிமிராது. படகை இறக்கக்கூட நேரம் இல்லாமல் போனவர்கள் உண்டு. அதனால்தான் கனிமச் சரக்கை மூன்றாக வகைப்படுத்துகிறோம்: சேறாகக் கூடியவை, சூடாகியோ வாயு விட்டோ கெடுதல் செய்பவை, இரண்டும் இல்லாதவை. முதல் வகைக்கு இவ்வளவு ஈரம்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே இருக்கிறது என்று சரக்கு அனுப்புகிறவர் சான்று தரவேண்டும்.

சான்று தந்திருந்தார்கள். ஆனால் அது மழைக்கு முன்னால் சுரங்கத்தில் எடுத்த சோதனை. எங்கள் சீஃப் ஆபீசர் ஒரு டப்பாவில் பாதியளவு தூளைப் போட்டு இரும்புத் தளத்தில் திரும்பத் திரும்பத் தட்டினார். மேலே தண்ணீர் மினுங்கியது. கேப்டன் என்னைக் கூப்பிட்டார். சாயங்காலம் ஏற்ற ஆரம்பிக்கச் சொல்லிச் சரக்கு அனுப்புகிறவர்கள் நெருக்குகிறார்கள், அதற்குள் அம்பத்தூர் பரிசோதனைக் கூடத்தில் பார்த்து வா என்றார். அதிகாரிகளில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். துறைமுகத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை சுமார் பதினெட்டு கிலோமீட்டர். பாடியில் முழங்கால் தண்ணீர், அதனால் இரண்டு மணி நேரம் பிடித்தது. துறைமுகக் குவியலில் எடுத்த தூளை அடைத்து மூடி ஒட்டிய டப்பாக்களை மடியிலேயே வைத்திருந்தேன். கண்டக்டர் என்ன அது என்று கேட்டார். மண் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பரிசோதனைக் கூடத்தில் ஸ்டெல்லா என்ற வேதியியலாளர் இருந்தார். முப்பது வயது இருக்கும், ஆவடிப் பக்கம் வீடு. தூளை எடை போட்டுச் சூட்டடுப்பில் வைத்தார். முழுக்கக் காய்ந்ததும் மறுபடி எடை போட வேண்டும், பிற்பகல் ஆகும் என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னைப் பூந்தமல்லிக்கு அனுப்பியது. "குவியல்ல மேல மட்டும் நனைஞ்சிருக்கா, இல்ல வரும்போதே ஈரமா வந்துச்சா சார்? டப்பாவ வச்சு அத என்னால சொல்ல முடியாது. தாது ஏத்திட்டு வர்ற லாரிங்க எல்லாம் பகல்ல பூந்தமல்லி கிட்ட குமணன்சாவடி தாண்டித்தான் நிக்கும். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்."

ஆவடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பூந்தமல்லிக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது துண்டு பத்து கிலோமீட்டர்தான், ஆனால் உட்கார இடம் கிடைக்காது. குமணன்சாவடியில் பெங்களூர் சாலை ஓரமாகத் தாது லாரிகள் வரிசையாக நின்றன. பகலில் நகருக்குள் விடமாட்டார்கள். பாதிக்கு மேல் தார்ப்பாய் இல்லை.

நான்கு டிரைவர்களிடம் கேட்டேன். எல்லாம் காய்ந்த சரக்குதான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் ஏழுமலை, திருமழிசைக்காரர். டீ குடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீஸ்லேர்ந்து வந்துகீறியா சார்?"

இல்லை, இதை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலில் வேலை என்றேன்.

"நீயே போவியா அதுல?"

"ஆமாம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப ஒளிக்கக் கூடாது. நாலு நாளா மழைல ஊறிகினு கீது. என்னுது மட்டும் இல்ல, எல்லா வண்டியும்தான். தார்பாய் கேட்டா ஓனரு அடுத்த நடை தர்றேன்றான். வா, காட்றேன்." பின்கதவு இடுக்கில் செந்நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரையைத் தூளுக்குள் ஆழமாக இறக்கி எடுத்தார், நுனி வரை சேறு. "எம்பேர மட்டும் எய்திக்காத சார். ஊட்ல ரெண்டு பொண்ணு கீது."

எழுதவில்லை. இங்கேயும் பெயரை மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

அம்பத்தூர் திரும்பியபோது ஸ்டெல்லா போனில் இருந்தார். எதிர்முனையில் சரக்கு அனுப்புகிற நிறுவனத்தின் ஆள். இன்றைய சோதனையை நிறுத்திவைக்கச் சொல்கிறார், நாளை வேறு சாம்பிள் அனுப்புகிறாராம். ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. "அதையும் கண்டிப்பா பாத்துத் தரேன் சார். ஆனா இன்னிக்கு வந்தது இன்னிக்கே போகும்," என்று வைத்துவிட்டார். இதனால் வேலைக்கே ஆபத்து வரலாம் என்பது அவருக்கும் தெரியும். ஈரம் வரம்பைத் தாண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கேப்டன் ஏற்ற மறுத்தார். பெரிய சச்சரவு. மழை விட்டபின் தாதுவைப் பரப்பிக் காயவைத்து, மூடிவைத்து, குவியலின் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அதையும் ஸ்டெல்லாதான் சோதித்தார். இந்த முறை வரம்புக்குள் இருந்தது. ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

வங்கக் கடலில் புயல் பிடித்துக்கொண்டது. கப்பல் உருண்ட உருளலில் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு முறை சாயும்போதும் மறுபடி நிமிர்கிறதா என்று கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தேன். நிமிர்ந்தது. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தது. போய்ச் சேர்ந்து சரக்கறை மூடிகளைத் திறந்தபோது, குவியல் சமன்செய்து வைத்தபடியே இருந்தது. சீஃப் ஆபீசர் என் தோளைத் தட்டினார்.

அடுத்த விடுமுறையில் இருவரையும் பார்க்கப் போனேன். ஏழுமலை காய்கறி லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். தார்ப்பாய் இல்லாமல் எடுக்கமாட்டேன் என்று சொல்லி அந்த வேலையை விட்டாராம். மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு அவர்தான் கூட்டிப் போனார். ஸ்டெல்லா அதே மேஜையில் இருந்தார். புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், தெரியும் என்றார்.

"நான் கையெழுத்துப் போட்ட கப்பல் போய்ச் சேர்ந்துச்சான்னு ஏஜென்ட் ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டுடுவேன் சார். உங்களுது ரெண்டு நாள் லேட்டு. அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்கல."

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். கை எடுத்துக் கும்பிட்டேன்.

இனி, கேட்ட தம்பி தங்கைகளுக்கு. சான்றில் தேதியைப் பாருங்கள். அதற்குப் பின் மழை பெய்திருந்தால் மறுசோதனை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். டப்பா சோதனையில் தண்ணீர் தெரிந்தால் ஏற்றக் கூடாது. தெரியாவிட்டாலும் பத்திரம் என்று அர்த்தமில்லை, பரிசோதனைக் கூடம்தான் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் அம்பத்தூர் போனால் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு நின்ற சாலைக்கும் ஒருமுறை போய், அதை ஓட்டி வந்தவரிடம் நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள். கப்பலில் போகப்போவது நீங்கள்தான் என்று தெரிந்தால், பெரும்பாலான மனிதர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.