தண்ணிக்காரர் என்று பதிந்த எண்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், நகல் எடுக்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் ஜெராக்ஸ் கடை என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு தொல்லை செய்யமாட்டார்கள். சொன்னது பொய்யும் இல்லை. பெரிய கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் டேட்டாபேஸில் வைத்திருக்கும். அங்கே புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க அதில் ஒரு நகல் வேண்டும். நகலில் உண்மையான ஆட்களின் நம்பர் இருந்தால் வம்பு. சோதனைக்கு அனுப்பியது நிஜமான யாரோ ஒருவருடைய போனில் போய் விழும். அதனால் நகல் எடுக்கும்போதே பெயரையும் நம்பரையும் மாற்றிப் போலியாக்கித் தரும் கருவி ஒன்றை நாங்கள் செய்து விற்கிறோம். கோவில்பட்டியில் என் வீட்டு மாடி அறையில் ஏசியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சில வருடங்களாக இதைத்தான் செய்கிறேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது ஏனென்றால், மீதியைப் படித்துவிட்டு 'பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று யாரும் எனக்குப் பரிந்து பேசக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிந்ததை விற்றுத்தான் சாப்பிடுகிறேன்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரம் தாண்டித்தான் வரும். எந்த நாள் என்பது வால்வு திறக்கிற அண்ணனுக்கே அன்று காலையில்தான் தெரியும். தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். தண்ணீரைத் தவறவிடக் கூடாது என்பதற்காக வீட்டுக்கு ஒருத்தர் வேலைக்குப் போகாமல் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஆள் இல்லாத வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையை நிறுத்திவைப்பார்கள். மாடியிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து என் கை அரித்தது. இதற்கு ஒரு புரோகிராம் எழுத மாட்டோமா என்று தோன்றிவிட்டது.

செய்தது சின்ன வேலைதான். எங்கள் வால்வைத் திறந்ததும் அந்த அண்ணன் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பார். உடனே என் புரோகிராம், அந்த வால்வில் எந்தெந்த வீடுகள் இருக்கின்றன என்று டேட்டாபேஸில் பார்த்து, அத்தனை வீட்டுக்கும் தன் நம்பரிலிருந்து மிஸ்டு கால் கொடுக்கும். போனை எடுக்க வேண்டாம், எதையும் படிக்க வேண்டாம். தீப்பெட்டி ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் சாப்பாட்டுப் பையோடு தொங்கும். அது அடித்தால் வாட்ச்மேன் சத்தம் கொடுப்பார். தண்ணீர் மேடு ஏறி எங்கள் தெருவை எட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

அந்த நம்பரைத் தெருவில் எல்லோரும் 'தண்ணிக்காரர்' என்று பதிந்துகொண்டார்கள். அது வால்வு அண்ணனுடைய நம்பர் இல்லை, என் புரோகிராமின் நம்பர் என்று திருத்தலாம்தான். போன் அடித்தால் தண்ணீர் வரப்போகிறது, அதுதானே விஷயம் என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அந்த அண்ணன் வெடுக்கென்று பேசுகிற மனிதர். நகராட்சி ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருக்கிறார். மேலே ஒரு புகார் போனால் போதும், வால்வுச் சாவி அடுத்த நாள் இன்னொருவர் கைக்குப் போய்விடும். முதலில் அவர் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நீங்க பாட்டுக்கு ஒண்ணச் செஞ்சு வச்சிருவிய. நாளைக்கு ஏதும் கோளாறாப் போச்சுன்னா கண்ட்ராக்டர் என்னயத்தான கேப்பாரு? இந்த வேலய விட்டா எனக்கு வேற கெதி இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார்.

"ஒண்ணும் ஆகாது அண்ணே" என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது இதுதான்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒன்றும் ஆகவும் இல்லை. தண்ணீர் வந்தது, பெண்கள் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தெருவில் எனக்கு மரியாதை கூடிப்போயிற்று. கடையில் முதலில் எனக்குக் கட்டிக் கொடுப்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

இந்தக் கோடையில் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அவர்களில் சில வீடுகளுக்கு இரண்டு வால்விலிருந்தும் தண்ணீர் வரும். நான் டேட்டாபேஸை அமைத்தபோது ஒரு வீட்டுக்கு ஒரு வால்வுதான் என்று நினைத்திருந்தேன். அதை மாற்றி அமைக்க வேண்டும். ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்து, அடுத்த மீட்டிங்குக்கு நேரம் இருந்ததால் அதை எடுத்தேன். டேட்டாபேஸை நகல் எடுத்தேன். நம்பர்களை மாற்றவில்லை. நாங்கள் விற்கிற கருவி என் கம்ப்யூட்டரிலேயே திறந்து கிடக்கிறது. ஒரு தெருவுக்கு எதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்துவிட்டேன். வால்வு திறந்ததுபோல் ஒரு பொய் மிஸ்டு காலை அந்த நகலுக்குள் விட்டுப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை. திருப்தியாகத் தட்டையும் பாத்திரங்களையும் கழுவக் கீழே போனேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு முழுக்க ஈரம். வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நீல டிரம்மும் பிளாஸ்டிக் குடமும் சாய்ந்து கிடந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாரம் முழுக்கக் கிடந்த தண்ணீரில் புழு விழுந்திருக்கும், அடியில் கரிசல் வண்டல் படிந்திருக்கும். புதுத் தண்ணீர் வருகிறது என்றால் பழையதைக் கொட்டிவிட்டு, டிரம்மைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பிடிப்பார்கள். பழையதன் மேல் புதியதைப் பிடிக்கிறவளைச் சோம்பேறி என்பார்கள். சரி, இன்றைக்குத் தண்ணீர் போலிருக்கிறது என்று நினைத்தேன். நன்றாக வேலை செய்கிறதே என்று பெருமைகூடப் பட்டேன். பிறகுதான் மேஜைமேல் கிடந்த என் போனைப் பார்த்தேன். அதிலும் ஒரு மிஸ்டு கால் இருந்தது. என் நம்பரும் அந்த டேட்டாபேஸில் இருக்கிறது.

நகலுக்குள் நான் விட்ட பொய் மிஸ்டு கால், மாற்றாமல் விட்ட நிஜ நம்பர்களுக்கே போயிருக்கிறது. அந்த நேரத்தில் வால்வு திறக்கப்படவே இல்லை. அடுத்த தண்ணீர் எப்போது என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு அக்காவின் மகள் பிரசவமாகி, கைக்குழந்தையோடு வந்து படுத்திருக்கிறாள். அவளுக்கென்று தனியாக மூடி வைத்திருந்த டிரம்மை அந்த அக்காவே கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தீப்பெட்டி ஆபீசில் பாதி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

நான் இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெரிய கோளாறு நடந்தால் யார் செய்தது என்று கேட்கமாட்டோம், எப்படி நடந்தது என்று மட்டும் அறிக்கை எழுதுவோம். ஆளைப் பிடித்தால் அடுத்த தடவை எல்லோரும் மறைப்பார்கள், ஆளை விட்டால்தான் கோளாறு பிடிபடும் என்பது அதன் நியாயம். கூட்டங்களில் அதைப் பற்றிச் சபையறியப் பேசியும் இருக்கிறேன். அந்தக் கை பழக்கத்தில் எழுதிவிட்டது: "தொழில்நுட்பக் கோளாறால் இன்று தவறான அழைப்பு வந்துவிட்டது. தண்ணீர் திறக்கவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்." யார் வருந்துகிறார்கள் என்று அதில் இல்லை. அதை அனுப்பிவிட்டு லாரித் தண்ணீருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் வரும் என்றார்கள். பாதிப் பாரம் இறங்கியதுபோல் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன்.

மீட்டிங் நடக்கும்போதே தெருவில் சத்தம். ஜன்னலைத் திறந்தேன். வால்வு திறக்கிற அண்ணன் தன் மொபெட்டோடு நடுத்தெருவில் மாட்டிக்கொண்டிருந்தார். வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவரைப் பெண்கள் மறித்துவிட்டார்கள். கோளாறு என்று குழுவில் போட்டதை எல்லோரும் படித்திருந்தார்கள். ஆனால் போனில் விழுந்திருந்த பெயர் தண்ணிக்காரர். ஆள் பெயர் இல்லாத கோளாறு, பெயர் இருக்கிற ஆளைத் தேடிப் போய்விட்டது.

"மத்தியானமே ஊத்திக்கிட்டு எவளுக்கோ கால் போடுதேன்னு எங்களுக்குப் போட்டியா லே?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். அவரைவிட அவள் ஐந்தாறு வயது இளையவள்தான். "வீட்ல பிள்ள பெத்தவ கெடக்கா. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. ஒன்னய வேலய விட்டுத் தூக்காம விடமாட்டேன்."

"எம்மா, நான் கால் போடவே இல்லம்மா. இந்தா போனப் பாருங்க" என்று அவர் போனை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"அதுல என்னத்தப் பாக்க? அழிச்சிருப்ப" என்றாள் இன்னொருத்தி. அவள் கவுன்சிலர் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

உடனே படியிறங்கவில்லை. இறங்கிய பிறகும் கேட்டுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். லாரி வந்துவிட்டால் தானாக அடங்கிவிடுமோ என்று ஒரு நினைப்பு. அதை நினைத்தது நான்தான், வேறு யார் தலையிலும் போட முடியாது. மேலே மாடி அறையில், கம்ப்யூட்டரில் யாரோ என் பெயரைச் சொல்லி அபிப்பிராயம் கேட்பது மெதுவாகக் கேட்டது. கேட்டைத் திறந்துகொண்டு போனேன்.

"அவரு செய்யல. நான்தான். சும்மா செஞ்சு பாக்கணும்னு போட்டேன், எல்லாருக்கும் போயிருச்சு. என்னய மன்னிச்சிருங்க" என்றேன்.

காதில் வைத்திருந்த போனை அவள் இறக்கினாள். எதிர்வீட்டு அக்கா என்னையே பார்த்தாள். இனி நமக்குத்தான் என்று நான் தயாராகத்தான் நின்றேன். திட்டட்டும், நாலு வார்த்தை நன்றாகத் திட்டட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றேன்.

"நீயா தாயி?" என்றாள். குரலே மாறிவிட்டது. "சரி விடு. தெரியாம நடந்ததுதான. அதுக்குப் போயி எதுக்கு இப்படிக் கலங்குத?"

"எங்களுக்காவ எம்புட்டுப் பாடுபடுதாவ. ஒரு நாளு தப்பாப் போச்சுன்னா என்ன இப்போ?" என்றாள் போன்காரி.

அவர் செய்ததாக இருந்தபோது வேலையை விட்டுத் தூக்க வேண்டிய குற்றம். அதே குற்றம் என் கைக்கு வந்ததும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. லாரி சொல்லியிருக்கிறேன் என்றேன். அதற்கும் மகராசி என்றார்கள். அக்காவிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நீட்டிய போனைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.  கடைசியில் போன்காரிதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"அதான் அவிய சொல்லிட்டாவள்ளா. இன்னும் எதுக்கு நடுத்தெருவுல நிக்க? லாரி வரணும், வண்டிய எடு."

அக்கா என்னை அவள் வீட்டு வாசல் நிழலுக்கு இழுத்தாள். "மொகமே செத்துப்போச்சு. வெயில்ல வேற வந்து நிக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். சீரக வாசம் அடித்தது. மகளுக்கென்று காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீர். அந்தத் தெருவில் கொட்டாமல் மிச்சமிருந்தது அந்த மாதிரி ஒன்றிரண்டு சொம்புதான் இருக்கும்.

"குடி தாயி" என்றாள்.

அவருக்கு முதலில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் ஒரு தரமாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நான் தம்ளரை வாங்கிக் குடித்தேன். முதுகுக்குப் பின்னால் மொபெட்டை மிதிக்கும் சத்தம் கேட்டது. அது கிளம்பி முக்குத் திரும்புகிற வரைக்கும் தம்ளரிலிருந்து வாயை எடுக்காமல் குடித்துக்கொண்டே இருந்தேன்.