வீமனுக்குத் தெரிந்த சொல்

எங்கள் நாய் வீமனுக்குக் காது கேட்காது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். "இரடா" என்றால் உட்காராமல் ஓடுவான். "வாடா" என்றால் படுப்பான். கண்டாவளையில் எங்கள் காணியில் இருந்த இராணுவ முகாம் அகற்றப்பட்டு, காணி எங்கள் கைக்குத் திரும்பி வந்த அன்று, கிணற்றடியில் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தவன் அவன். பிறகு எங்களோடேயே தங்கிவிட்டான்.

லண்டனில் இருந்து வந்த மாமா, எங்களை இரண்டு நாளுக்கு வவுனியாவுக்கு அப்பால் ஒரு குளக்கரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். வீமன் வராவிட்டால் நானும் இல்லை என்று வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வரட்டுமேன் அக்கா, லண்டனில நாய்க்கும் கட்டில் குடுக்கிறவங்கள்" என்று மாமா சிரித்தார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அவனைக் குளிப்பாட்டி, எனக்குப் பூசிய பவுடரையே அவனுக்கும் பூசி ஏற்றினார்.

ஹோட்டல் முதலாளி வீமனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓரிடத்தில சத்தமில்லாம இருந்தால் சரி. இல்லையெண்டால் கேற்றடியிலதான் கட்டவேணும், பிள்ளை."

கேற்றுக்கு வெளியே லொறிகள் பறந்துகொண்டிருந்தன. வீமனோ சாப்பாட்டு மண்டபத்துக்குள் புகுந்து கதிரைகளுக்கிடையில் சுழன்றடித்தான். "இரடா, இரடா" என்று கெஞ்சினேன். அப்பா அதட்டினார். முதலாளி சங்கிலியோடு வந்துவிட்டார்.

அப்போது தேநீர்த் தட்டோடு வந்த சிங்கள அண்ணா ஒருவர், வழியை மறித்து நின்ற வீமனிடம் சும்மா ஒரு பேச்சுக்கு, "வாடிவெண்ட" என்றார். சிங்களத்தில், உட்கார், இரு.

வீமன் இருந்தான். யாரோ சுவிட்சைத் தட்டியது போல, முதுகை நிமிர்த்தி, அசையாமல் இருந்தான்.

செவிட்டு வீமனுக்குச் சிங்களம் தெரியும்! மாமாவின் கோப்பை சாய்ந்து தேநீர் மேசையெல்லாம் ஓடியது, ஒருவரும் துடைக்கவில்லை.

"அத்தான், உது எங்க எடுத்த நாய்?"

"எடுக்கேல்லை. காணியோட வந்தது" என்றார் அப்பா.

அம்மா மட்டும் வீமனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

எனக்கோ கேற்றடி தப்பிய புளுகம், துள்ளிக் குதித்தேன். இரண்டு நாளும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே வீமனை இருத்தினேன். "காணும் பிள்ளை, அந்தச் சொல்லை விடு" என்றார் அம்மா. நான் விடுவேனா!

திரும்பும் வழியில் வானுக்குள் வீமன் அம்மாவின் மடியில் ஏறப் பார்த்தான். அம்மா அவனை நேரே பார்த்து, "வாடிவெண்ட" என்றார். மெதுவாகத்தான், ஆனால் என்னைவிடச் சுத்தமாக. வீமன் காலடியில் இருந்தான்.

"அம்மாவும் என்னட்டப் பழகிட்டியள்!" என்று கைதட்டினேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மாமாகூடச் சிரிக்கவில்லை. அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யுத்தம் முடிந்த வருடம் அம்மா செட்டிகுளம் முகாமில் கம்பிவேலிக்குள், வெயிலில், ஆமிக்காரரால் வரிசை வரிசையாக இருத்தப்பட்டவர் என்பது நான் கேட்டுப் பழகிய கதைதான். அந்த வரிசையில் எந்தச் சொல்லைக் கேட்டு நிலத்தில் இருந்தார் என்று மட்டும் அன்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.