கப்பலுக்கு அனுப்பிய வீடியோ

மும்பை ஏஜென்சியிலிருந்து வந்த மின்னஞ்சலை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உல்லாசக் கப்பல்களில் பாடுவதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி அது. அதற்கு முன் நான் அனுப்பிய ஒலிப்பதிவுகளுக்கெல்லாம் குரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தவர்கள், இந்த முறை வீடியோ கேட்டிருந்தார்கள். எதிரில் ஆட்கள் இருக்க வேண்டும். நான் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். பாட்டுக்கு நடுவே ஆட்களோடு பேச வேண்டும். முக்கியமாக, எங்கேயும் வெட்டி ஒட்டியிருக்கக் கூடாது. கப்பல் கம்பெனி அதிகாரி சனிக்கிழமை மும்பை வருகிறார், அதற்குள் டிஸ்க் போய்ச் சேர வேண்டும்.

திங்கட்கிழமை நான் மாதாப்பூரில் ஒரு கால் சென்டரில் சேர வேண்டியிருந்தது. எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து செகந்திராபாத்துக்கு வெளியே ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். சர்ச் பாட்டுக் குழுவில் நான் பாடுவது அவருக்குப் பெருமை. கப்பலில் பாடப் போகிறேன் என்றதும் பெருமை கொஞ்சம் குறைந்துவிட்டது.

"இதான் கடைசி, என்ன? இதுவும் வரலைன்னா வாயை மூடிக்கிட்டு வேலைக்குப் போயிரணும். பொறவு கப்பல் கிப்பல்னு பேச்சே இருக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

வீடியோ எடுக்க அப்பா பிடித்துக் கொண்டுவந்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் ரயில்வே தமிழ்க் குடும்பம், பேச்சில் உருது கலந்திருக்கும், ஹப்சிகுடாவில் ஸ்டுடியோ. எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்துப் பாடினேன். எல்லோரும் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் கேட்டார்கள். நான் ஜோக் சொன்னபோதும் அப்படியே இருந்தார்கள். ஆனாலும் நன்றாகத்தான் பாடியிருந்தேன். ஒரே ஓட்டமாக எடுத்தும் முடித்தாயிற்று.

புதன்கிழமை டிஸ்க் வந்தது. டிவியில் போட்டோம். ஒரு ரோஜாப்பூ மெதுவாக விரிந்தது. அதற்குள்ளிருந்து என் தலை வெளியே வந்தது. முதல் பாட்டின் நடுவே இரண்டு இதயங்கள் இடமிருந்து வலமாகப் பறந்தன. நான் பேசிய இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அங்கே வீணை இசையைப் போட்டு, பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் வளையல்களைக் காட்டியிருந்தார்.

நல்லாத்தானே இருக்கு என்றாள் அம்மா. நான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன்.

வீடியோக்காரருக்குப் போன் செய்தேன். இவ்வளவு வேலைப்பாட்டை நான் பாராட்டவே இல்லையே என்று அவருக்கு வருத்தம். வெட்டாத கேசட் எங்கே என்று கேட்டேன். பையில் பத்திரமாக இருக்கிறது, காலையில் வந்தால் அப்படியே டிஸ்க்கில் ஏற்றித் தருகிறேன் என்றார். வியாழன் மாலைக்குள் கூரியரில் போட்டால் போதும். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் பஸ் மாறி மாறி ஊரின் மறுகோடியில் இருக்கும் ஹப்சிகுடாவுக்குப் போனேன். ஸ்டுடியோவில் அவர் மனைவிதான் இருந்தார். அவசரமாக ஒரு கல்யாணம் வந்துவிட்டது, பையோடு சனத்நகரில் ஒரு மண்டபத்துக்குப் போயிருக்கிறார் என்றார். வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பிப் போக வேண்டும். ஆட்டோவில் உட்கார்ந்து போன் அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் எடுக்கவில்லை. கேசட் தீர்ந்துபோனால் இந்த மனிதர் என்ன செய்வார் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

மண்டபத்தில் முகூர்த்த நேரம். தெலுங்குக் கல்யாணம். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைத்துக்கொண்டிருக்க, இவர் அவர்கள் மூக்குக்கு நேராகக் கேமராவை நீட்டிக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் அவருடைய பை. திறந்து பார்த்தேன். நான் என் கையால் பெயர் எழுதிய கேசட் டப்பா இருந்தது. உள்ளே காலி.

அது கேமராவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வாய் வரை வந்தது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் எவள் போய்க் கேமராவை நிறுத்தச் சொல்வாள்? அந்தப் பெண்ணின் கழுத்தில் மூன்று முடிச்சு விழ விழ, என் பாட்டு அழிந்துகொண்டிருந்தது. அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நியாயமும் இல்லை. ஆனால் வந்தது.

கீழே இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நக்கோம்மா, கோவப்படாதீங்க. டிஸ்க் குடுத்தாச்சே, உங்க வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அழுதால் நேரம்தான் போகும் என்று தோன்றியது. சுற்றிலும் பார்த்தேன். மைக் இருந்தது. கூட்டம் இருந்தது. மறுபடி எடுக்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று பாட்டில்லாத இசை மட்டும் உள்ள சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"இங்கேயே எடுங்க" என்றேன்.

"இங்கயா? கைக்கு, எதுக்கு? எல்லாரும் சாப்பிடப் போறாங்கம்மா."

"போகட்டும். கேமராவை ஸ்டாண்டுல வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. நான் முடிக்கிற வரைக்கும் தொடக் கூடாது. அப்புறம் பூ கீ எதுவும் வேண்டாம்."

"ஹவ், சரிம்மா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

பெண்ணின் அப்பாவிடம் அவரே போய்க் கேட்டார். அந்த மனிதர் இருந்த பரபரப்பில், பாடட்டும் என்று கையை வீசிவிட்டு ஐஸ்கிரீமைக் கவனிக்கப் போய்விட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில், கசங்கிப்போன சல்வாரில் நின்று பாட ஆரம்பித்தேன். ஆங்கிலப் பாட்டு. ஒருவர்கூட நிமிரவில்லை. புளியோதரை வாளி எனக்கும் கேமராவுக்கும் நடுவில் போய்விட்டு வந்தது. எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று மைக்கில் கேட்டேன். தயிர் எங்கே என்று யாரோ தெலுங்கில் கத்தினார்கள். தயிர் இதோ வருகிறது என்று நானும் தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனேன். உச்சஸ்தாயியில் இருக்கும்போது ஒரு தாத்தா எச்சில் கையோடு நேராக என்னிடம் வந்து, கை கழுவுவது எங்கே என்று கேட்டார். பாட்டை விடாமல் இடது பக்கம் கை காட்டினேன். திரும்பிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனார். கடைசிப் பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. அன்று மாலை டிஸ்க் கூரியரில் போனது.

திங்கட்கிழமை கால் சென்டரில் சேர்ந்தேன். பயிற்சி நடந்துகொண்டிருந்த அந்த வாரத்திலேயே, மதிய இடைவேளையில் ஏஜென்சிப் பெண்ணின் அழைப்பு வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்களாம், டைனிங் ஹாலில் பாடுவதற்கு. அதிகாரிக்கு என் குரல் அவ்வளவு பிடித்துவிட்டதா என்று ஆசையோடு கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். குரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். உங்களைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் நிறையப் பேர் அனுப்பியிருந்தார்கள் என்றாள். ஆனால் கப்பலில் சாப்பிடுகிறவர்கள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், யாரும் கேட்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் பாடுகிற ஆள்தான் வேண்டும், அந்தக் கிழவருக்கு வழி காட்டினாளே அந்தப் பெண்ணைப் போடுங்கள் என்று அவர் சொன்னாராம்.

எனக்கு அவமானமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து நாலு பேர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றுதானே பாடிக்கொண்டிருந்தேன். லைனில் இருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள்.

எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டேன்.